மூன்றாவது கேள்விக்கு எழுதிய விடை

கவிதை நடத்தும் நாளில் நான் காலைப் பலகாரம் சாப்பிடுவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. வயிறு நிறைந்தால் குரல் கனத்துப்போகும். பதினான்கு வருடமாக இந்தக் கோயமுத்தூரில் இன்டர்மீடியட் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்துகிறேன். என் நோட்ஸை மனப்பாடம் செய்தவர்கள் அவிநாசி முதல் தாராபுரம் வரை வக்கீல்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருக்கிறார்கள்.

வெங்கடலட்சுமி தானாகத்தான் கிணற்றில் விழுந்தாள் என்று எழுதி முடித்துவிட்டீர்கள். எழுதியது சரிதான். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவள் பஞ்சு ஜின்னிங் பாக்டரி முதலாளி சுந்தரராஜுலுவின் மகள். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர், அவர்களுக்குத் தனி பெஞ்சு. ஆடி மாதத்தில் ஒரு கவிதை நடத்தினேன். படகில் போய்விட்ட ஒருவனை நினைத்து ஆற்றங்கரை வீட்டில் ஒருத்தி நிற்கிறாள். காத்திருப்பதன் பெருமையைச் சொல்லும் கவிதை என்பது என் நோட்ஸ்.

வெங்கடலட்சுமி எழுந்தாள். “தப்பா நினைச்சுக்காதீங்க சார். அவ காத்துட்டு இல்லீங்க. அவன் திரும்பி வந்துருவானோன்னு பயந்துட்டு நிக்கறா. மூணாவது சரணத்துல கதவைத் தாழ்ப்பாள் போடறாளுங்களே.”

பையன்கள் என் முகத்தையே பார்த்தார்கள். “உட்காருங்க அம்மணி” என்று சிரித்து வைத்தேன்.

வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. பதினான்கு வருடம் அந்தத் தாழ்ப்பாள் என் கண்ணில் படவில்லை. உட்கார்ந்து அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும். கவிதை படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் இப்போதுதான் என் வகுப்புக்கு வந்திருக்கிறது. எனக்கு அவள்மேல் பிரியம் இருந்தது. அவளைப் பார்க்கவும் பிடிக்காமல் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தகப்பனார் என் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு மடித்த தாளோடு. மனிதருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பம்பாயிலிருந்து வரும் பஞ்சுக் கடிதங்களைப் பார்த்துப் பழகியவர். மேலே தேதி, அப்புறம் ‘டியர்’, அடியில் கையெழுத்து இருந்தால் அது கடிதம் என்று தெரியும். மகளின் பெட்டியில் புத்தகங்களுக்கு நடுவே கிடந்ததாம்.

“ஏனுங்க சார், இது யாருக்கு எழுதுனதுங்க? உங்களை உட்டா இதை நான் யாருகிட்டக் கொண்டுட்டுப் போறதுங்க?”

படித்தேன். ‘நீ திரும்பி வராதே’ என்று ஒரு பெண் ஒருவனுக்கு எழுதிய கடிதம். அத்தனை நல்ல இங்கிலீஷ் எனக்கு வாய்த்ததே இல்லை.

“யாரோ ஒருவனுக்கு எழுதியிருக்கிறாள். அவன் வருவான் என்று காத்துக்கொண்டிருக்கிறாளாம்” என்றேன்.

அவன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை.

அது நான் கொடுத்த வீட்டுப்பாடம், ஐயா. மூன்றாவது கேள்வி: ஆற்றங்கரைப் பெண் படகுக்காரனுக்கு எழுதும் கடிதத்தை எழுதுக. மறுநாள் என் மேஜைக்கு வர வேண்டிய தாள். படிப்பை நிறுத்துவார், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். அவள் வராவிட்டால் என் நோட்ஸ் பழையபடி சரியாகிவிடும்.

அவர் பன்னிரண்டே நாளில் தாராபுரத்தில் ஒருவருக்கு இரண்டாம்தாரமாக நிச்சயம் செய்தார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெண்ணைக் காணோம். தோட்டத்துக் கிணற்றிலிருந்து நீங்கள்தான் எடுத்தீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து மறுபடியும் என்னிடம் வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

“‘அது பாடம் நாயனா’ன்னுதான் புள்ளை சொல்லுச்சுங்க. ‘உங்க வாத்தியாரே படிச்சுச் சொல்லிப்போட்டாரு’ன்னேன். ‘அவரேவா சொன்னாரு’ன்னு ஒருக்காக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் வாயே தொறக்கலீங்க.”

தாளை நீட்டினார். “இன்னொருக்காப் படிச்சுச் சொல்லுங்க சார். எம்புள்ளை எழுதுனதுன்னு எனக்கு இருக்கறது இது ஒண்ணுதானுங்க.”

படித்தேன். முதலில் சொன்ன அதே அர்த்தத்தைத்தான் சொன்னேன். வாத்தியார் வாராவாரம் அர்த்தத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

“இத்தனை ஆசை வெச்சிருந்திருக்குதே. எவனா இருந்தா என்னங்க, அவனுக்கே கட்டிக் குடுத்திருப்பனே” என்றார். தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் தாங்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது தினமும் சாயங்காலம் காலேஜ் வாசலில் வந்து நிற்கிறார். வெளியே வரும் பையன்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அந்தப் பையனைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நேற்று மழையிலும் நின்றார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் சாகக் காரணம் நான்தான். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ‘இது பாடம்தானா சார்’ என்று அந்த மனிதர் ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவே இல்லை.