அண்ணன் படுக்கிற பக்கம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கரண்ட் இப்போதைக்கு வராது. மேல்வீட்டு மாமா, அந்த டார்ச்சை அணைங்க... கண்ணைக் குத்துது. ரெண்டு நாளாக நான் ஏன் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு மாடிப்படியிலேயே குடித்தனம் நடத்துகிறேன் என்று ஆளாளுக்குக் கேட்டீங்களே. சொல்றேன். நடுவில் யாரும் சிரிக்கக் கூடாது.

இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதி பார்லர் வைத்திருக்கிறாளே, அவளுடைய தங்கச்சிக்கு நடந்தது. தையல்காரி.

ராத்திரி எட்டு மணி. ஜெயிலுக்குப் போகிற ரோடு. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கடை இல்லை, வீடு இல்லை, குரைக்க ஒரு நாய்கூட இல்லை. புருஷனைக் காலையிலேயே விட்டிருக்க வேண்டும். ஏதோ கையெழுத்து, ஏதோ சீல்... இருட்டிய பிறகுதான் அனுப்பினார்கள். பெரிய இரும்புக் கதவுக்குள் சின்னக் கதவு ஒன்று திறந்தது. அவன் வரவில்லை. உள்ளேயே நின்றான்... லேசாக ஒதுங்கினான். வேறு யாரோ முதலில் போகட்டும் என்கிற மாதிரி. அப்புறம்தான் வந்தான்.

வாடகைக் காரில் ஏறினார்கள். நாலு வருஷம் கழித்து வருகிற புருஷன். இவளுக்கு அக்கா இலவசமாகப் போட்டுவிட்ட அலங்காரம் வேறு. இவள் இந்த ஓரம், அவன் அந்த ஓரம். நடுவில் ஒரு ஆள் உட்கார இடம்.

அவன் மெக்கானிக். தெருவில் நாங்கள் வைத்த பெயர் ஸ்பேனர். சிலிண்டர் கொண்டு வருகிறவனைப் பார்த்து இவள் சிரித்தாள் என்று ஒரு சந்தேகம். சிரித்தாளா? அவளுக்குப் பல் கொஞ்சம் எடுப்பு. வாயை மூடினாலும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். ஸ்பேனரால் ஓங்கிப் போட்டதில் சிலிண்டர்காரனுக்கு ஒரு கண் போனது.

ஜெயில் எதற்கு என்று ஜட்ஜ் விளக்கமாகவே சொன்னாராம். தப்புக்குத் தண்டனை, மற்றவர்களுக்குப் பயம், இவன் திருந்தவும் ஒரு வாய்ப்பு. கண் போனவனுக்கு என்ன என்பது அதில் வரவில்லை. போகட்டும்... திருந்தினானா? அளவுக்கு மேலேயே திருந்திவிட்டான். எந்தக் கதவையும் அவனாகத் திறப்பதில்லை. யாராவது வந்து திறக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பாத்ரூம் வாசலிலும் அப்படித்தான். தட்டைக் கையால் வளைத்துக்கொண்டு சாப்பிடுவான். இவளும் ஒரு நாள் புதிதாக வந்த சிலிண்டர்காரனிடம் வேண்டுமென்றே பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் பார்த்தாள். "வெயில்ல வந்திருக்கார், தண்ணி கொடு" என்றானாம் புருஷன்.

அன்றைக்கு அவள் அழுத அழுகை! "முன்னெல்லாம் நான் ஜன்னல்கிட்ட நின்னாலே சண்டை போடுவார்க்கா. இப்ப நான் வீட்டில இருக்கேனான்னே அவருக்குத் தெரியலை."

ராத்திரி அதைவிட மோசம். கட்டிலில் படுக்க மாட்டான். தரையில்தான். அதிலும் சுவரை ஒட்டி இல்லை. சுவருக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் விட்டு, ஒருக்களித்து. நல்ல தூக்கத்தில் அவன் விரல் தரையைத் தட்டும். டொக்... டொக். தட்டிவிட்டுத்தான் மறுபக்கம் திரும்புவான்.

"யாருக்குத் தட்டுறீங்க?"

"அண்ணனுக்கு."

ஜெயிலில் ஒருவர் படுக்கிற அறையில் இரண்டு பேராம். ஒருவர் மட்டும் திரும்ப முடியாது. தட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து திரும்ப வேண்டும். அந்த இன்னொருவர்தான் அண்ணன். ஆயுள் கைதி.

"அவர் இப்ப எங்க?"

"போன மழையில செத்துட்டார். ராத்திரி. கதவைக் காலையிலதான் திறப்பாங்க. நான் தட்டினேன்... அவர் திரும்பலை. அதனால நானும் திரும்பலை."

வந்ததிலிருந்து அவன் இவளிடம் பேசிய பேச்சிலேயே நீளமானது அதுதான். அதுவும் அண்ணனைப் பற்றி. பற்றிக்கொண்டு வராதா?

"செத்தவர் மேல என்னம்மா பொறாமை?" என்கிறீங்களா மாமா? உயிரோடு இருப்பவள் என்றால் முடியைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்கலாம். இவரை என்ன செய்வது? ஒரு பனி ராத்திரி. கட்டிலில் இவள் குளிரில் சுருண்டு கிடக்கிறாள். கீழே அவன் தூக்கத்திலேயே தன் போர்வையில் பாதியை அந்தக் காலி இடத்துக்கு இழுத்துவிட்டான். இவளுக்கு ஒரு நாள் போர்த்திவிட்டிருப்பானா?

அன்றைக்குத்தான் கேட்டது. டொக்... டொக். அவன் திரும்பினான். கொஞ்சம் பொறுத்து, சுவர்ப் பக்கம் துணி உரசுகிற சத்தம். ஒரு முட்டி சொடுக்கியது. கூடவே வாசனை... பினாயிலும் பழைய புகையிலையும் கலந்து. அவன் புகையிலையைத் தொடுவதே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அக்கா வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். இவளுக்குப் பயத்தைவிட எரிச்சல் பெரிது. மறுநாள் அவனுக்கு முன்னால் போய் அந்த இடத்தில் படுத்துக்கொண்டாள்.

"அது அண்ணன் இடம்" என்றான்.

"இனிமே என் இடம்."

ரொம்ப நேரம் நின்றான். இவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பக்கத்தில் ஓர் உடம்பு வந்து படுத்தது. டொக்... டொக். இவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பின்கழுத்தில் மூச்சு. ஒரு கை போர்வையை இழுத்து இவளைத் தோள்வரை மூடியது. நாலு வருஷமாக அதற்குத்தானே காத்திருந்தாள்! சிரித்துக்கொண்டே கிடந்தாளாம்.

அப்புறம் முட்டி சொடுக்கியது.

அப்புறம் குறட்டை கேட்டது... கட்டிலிலிருந்து.

அடுத்த நாளே ஸ்பேனர் பழைய ஸ்பேனர் ஆகிவிட்டான். கதவை உதைத்துத் திறக்கிறான். ஷெட்டுக்குப் போகிறான். கட்டில் முழுக்கக் கையைக் காலைப் பரப்பிப் படுக்கிறான். "ராத்திரி தரையில யார்கிட்ட குசுகுசுன்னு பேசுறே?" என்று கேட்கிறானாம்.

"சந்தேகப்படுறார்க்கா!" என்று இவள் என்னிடம் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு வெட்கம். நகை வாங்கிக் கொடுத்த மாதிரி.

ஆனால் கட்டிலுக்குப் போக முடியவில்லை. ஏறிப் படுத்தால் கீழே டொக்... டொக். இவள் இறங்கி வருகிற வரைக்கும் நிற்பதில்லை. அவனோ தலையணைக்கு அடியில் பழைய ஸ்பேனரை வைத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி கிடக்கிறான். இன்னும் எத்தனை நாள் பொறுப்பான்? இந்தத் தடவை கண்ணோடு போகுமா?

முந்தாநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. "உள்ள வா" என்றேன். வரவில்லை. வாசலில் நின்றாள்... லேசாக ஒதுங்கினாள். அப்புறம்தான் வந்தாள்.

என் வாய் சும்மா இருக்குமா? அந்த அண்ணன் நல்ல மாதிரியா, பெண்டாட்டி பிள்ளை உண்டா, எதற்காக உள்ளே போனார் என்று எல்லாம் கேட்டேன்.

"உங்களை மாதிரி அக்கறையா விசாரிக்கிறவங்க யாருமே இல்லைக்கா அவருக்கு" என்றாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். டீயைக் குடித்தாள். எழுந்தாள்.

போகும்போது ஒதுங்கவில்லை. விறுவிறுவென்று போய்விட்டாள்.

ரெண்டு நாளாகக் கதவைத் திறந்தேதான் போட்டிருக்கேன், மாமா. இன்னிக்குச் சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். சுவரோரம் தரையில் என் போர்வை விரிச்சிருக்கு. பாதிக்கு மட்டும்... மீதிப் பாதியை மடிச்சு, எனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கு.