பழைய எண்பத்தெட்டு, புதிய நூற்று முப்பத்துநான்கு

வெவ்வேறு காலத்துப் புள்ளிகளை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. நாற்பது வருடமாக இதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

1971-ல் எங்கள் அயோவா கல்லூரி மல்யுத்த அணி எண்பத்தெட்டுப் புள்ளியில் தேசியக் கோப்பை வாங்கியது. மிகக் குறைந்த எடைப்பிரிவில் ஆடியவன் நான். அன்று ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு இடம் வரைதான் புள்ளி. இன்று எட்டு இடம். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தால் அதற்கும் தனிப் புள்ளி. இது டெவின் ஹாக்ஸ்ட்ராவுக்குப் புரியவில்லை. என் பழைய எடைப்பிரிவில் இப்போது ஆடுகிறவன். இந்த வருடத் தேசியப் போட்டி வியாழன் முதல் சனி வரை.

"பெரியவரே, உங்க எண்பத்தெட்டை நாங்க வெள்ளிக்கிழமையே தாண்டிருவோம்."

"அன்னிக்கு விதி வேற, டெவின்."

"அப்ப எங்களுக்கு யாரு சும்மா போட்டுத் தராங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பையன், மனதில் ஒன்றுமில்லாமல் பேசுகிறவன்.

அன்றிரவே எங்கள் 1971 ஆட்டங்களை இன்றைய விதிப்படி கூட்டினேன். நூற்று இருபத்தேழரை வந்தது. இவர்கள் நூற்று முப்பத்துநான்கு எடுப்பார்கள் போலிருந்தது. டெவின் சோர்ந்துபோய் முதல் சுற்றிலேயே தோற்றால் நூற்றுப் பத்துதான்.

அணியின் பதிவேடும் பயிற்சி அறைத் தராசும் இப்போது என் பொறுப்பு. எடையைக் குறைத்துக் காட்ட வைத்திருக்கலாம். அவனும் தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாள் போட்டித் தராசில் எடை கூடி வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் உடனே எங்கள் தராசைச் சந்தேகிப்பார்கள். அதனால் மூன்று பவுண்டு கூட்டிக் காட்டும்படி திருப்பினேன்.

புதன்கிழமை மதியம் அவன் ஏறி நின்றான். உண்மையில் பிரிவின் எல்லையான நூற்று இருபத்தைந்து பவுண்டில்தான் இருந்தான்.

"மெர்ல், இன்னும் மூணு பவுண்டா? நேத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல."

உதடு வெடித்திருந்தது. அந்தத் தாகம் எனக்குத் தெரியும்.

"பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கிட்டு நீராவி அறைல சைக்கிள் மிதி. இறங்கிரும்," என்றேன்.

நான்கு மணிக்குப் பயிற்சியாளர் கிட்டல்சன் அலறும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் தராசைப் பழையபடி திருப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் உயிரில்லாத உடம்பு நூற்று இருபத்திரண்டு பவுண்டு. மூன்றையும் குறைத்திருந்தான்.

மற்ற ஒன்பது பேரும் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஆடினார்கள். நூற்று ஒன்பது எடுத்தார்கள். பதிவேட்டில் எழுதும்போது என் மனம் ஒப்பவில்லை. ஒன்பது பேர் அணியைப் பத்துப் பேர் அணியோடு ஒப்பிடுவது நியாயமா? பக்கத்திலேயே குறிப்புப் போட்டேன்: 'டெவின் இருந்திருந்தால் நூற்று முப்பத்துநான்கு.' யாருக்கும் சேர வேண்டியதை நான் குறைத்ததே இல்லை.