தனியாகத் தின்னக் கூடாத கறி

ஆட்டுத் தோள்பட்டைக் கறியைத் தனியாகத் தின்னக் கூடாது என்பார்கள் எங்கள் ஜனங்கள். கூடாரத்தில் எழுபது பேர் இருந்தாலும் ஆளுக்கு ஒரு கீற்றாவது போய்ச் சேர வேண்டுமாம். தனியாகத் தின்றவனை வானமும் தனியாகவே விட்டுவிடுமாம். வெளியே கொப்பரையில் கறி வேகிற வாசனை வருகிறது, அதனால்தான் இதில் ஆரம்பிக்கிறேன். உனக்கு ஒன்றும் அவசரம் இல்லையே? மண்சுவருக்குள் பிறந்து மண்சுவருக்குள்ளேயே சாகிறவர்களுக்கு என்ன பெரிய அவசரம்.

நாணலை மையில் தோய்த்துக்கொள். ஒன்பது குலங்களை எப்படி ஒன்றாக்கினேன், ஏழு நகரங்களை எப்படி எடுத்தேன் என்றுதான் வருகிறவன் எல்லாம் கேட்பான். நீ புகாதை என்ற ஆளைப் பற்றிக் கேட்டாய். கேட்கும்போது வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாய், அதையும் கவனித்தேன். பரவாயில்லை, சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

என் அப்பா செத்தபோது எனக்கு வயது பதின்மூன்று. ஏழாம் நாள் காலையில் எங்கள் குலத்தார் கூடாரங்களைப் பிரித்து வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. சித்தப்பா ஜெர்கின் மட்டும் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"அண்ணி, ஒரு விதவைக்கும் நாலு புள்ளைங்களுக்கும் யாரு ஆடு குடுப்பா, நீங்களே சொல்லுங்க. ஆத்தங்கரையில கெழங்கு நெறையக் கெடக்கு. தோண்டித் தின்னுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். போகும்போது எங்கள் இரும்புக் கொப்பரையையும் சேணத்தில் கட்டிக்கொண்டார். அது அண்ணன் கொப்பரையாம், குலத்துச் சொத்தாம்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதே. ஆட்டுமந்தைமேல் யாராவது கோபப்படுவார்களா? யார் பின்னால் போனால் வயிறு நிறையுமோ அவன் பின்னால் போகிற கூட்டம் அது. அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டேன். பிற்பாடு நான் செய்ததெல்லாம், அந்த ஒருவன் நானாக இருக்கும்படி பார்த்துக்கொண்டதுதான்.

இரண்டு குளிர்காலம் வளை எலி பிடித்துத் தின்றோம். என் தம்பிகளில் இரண்டு பேர் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பதினைந்தாம் வயதில், இலையுதிர்காலப் படையலின்போது, மேற்கே இருந்த ஒரு முகாமுக்கு நடந்தே போனேன். அங்கே முன்னோர்களுக்குப் படைக்க ஆடு வெந்துகொண்டிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஆள் அசந்த நேரம் கொப்பரைக்குள் கையை விட்டுத் தோள்பட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு வண்டிக்குப் பின்னால் சக்கரத்தோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். கடையாணி என் தலையில் இடித்தது. கை முழுக்கக் கொப்புளம். அப்படியே தின்றேன்.

அந்த முகாமின் தலைவருடைய மகன்தான் புகாதை. என் வயதுதான். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான்.

"டேய், யாருடா நீ? தோள்கறியத் தனியாவா திங்கிற?"

எனக்கு வாய் நிறையக் கறி. அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு என் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, எலும்பிலிருந்து ஒரே ஒரு கீற்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

"சரி விடு. இப்ப ரெண்டு பேரு ஆயாச்சு. இனிமே இது தனியாத் தின்னதா ஆகாது. மெதுவாத் தின்னுடா, எலும்பு எங்கயும் ஓடிப்போயிடாது."

அப்போது நான் அழுதேன் என்று அவன் பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தான். சூட்டில் கண்ணில் நீர் வந்திருக்கலாம்.

அவன் அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனான். எங்களுக்கு ஒரு கூடாரமும் பதினொரு பெண் ஆடுகளும் கொடுத்தார்கள். உள்ளங்கையைக் கீறி, ரத்தத்தைப் புளித்த குதிரைப்பாலில் கலந்து குடித்து, நானும் அவனும் சகோதரர்கள் ஆனோம். அவனைவிட நான் இரண்டு மாதம் மூத்தவன் என்பதால் அவன் அம்மா என்னைப் பெரியவனே என்று கூப்பிடுவாள். ஆறு வருஷம் அவர்கள் கொப்பரையில் தின்றேன். முகம் கோணாமல் போட்டார்கள். கொடுத்துக்கொண்டே இருப்பவர்களிடம் ஒரு மந்தம் இருக்கும். அவர்களிடம் அது நிறைய இருந்தது.

என்னோடு முதலில் குதிரை ஏறிய முப்பது பேரும் புகாதை கொடுத்த ஆட்கள். இருபத்திரண்டாம் வயதில் சித்தப்பாவைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் கொப்பரையைத் தேய்த்துக் கழுவி, இரண்டு கையாலும் நீட்டினார். அதில் தண்ணீர் ஊற்றிக் காயவைத்து அவரையே உட்கார வைத்தேன். அண்ணன் கொப்பரைதானே, தம்பிக்கு உரிமை உண்டு.

வீரம் வீரம் என்று பாட்டுக்காரர்கள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பங்காளிகளை விருந்துக்குக் கூப்பிட்டு, ஒருவனுக்கு வாலோடு சேர்ந்த பின்பகுதியையும் மற்றவனுக்கு விலா எலும்பையும் வைத்தால் போதும். விலா கிடைத்தவனுக்கு அன்றிரவு தூக்கம் வராது. அடுத்த மாதம் அந்தக் குலம் இரண்டாகிவிடும். பாதிக் குலத்தை ஜெயிப்பது பாதி வேலை. ஒரு எலும்புக்காகத் தன் அண்ணன் கழுத்தை அறுக்கிற ஜனத்தை ஆள்வதற்கு வானத்தின் அருள் எதற்கு? ஆனால் வானம் அனுப்பிய ஆள் என்று சொன்னால்தான் மண்டி போடுகிறார்கள். சரி, வானம் அனுப்பியதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிடிபட்டவர்களை என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. உன் ஊரிலும் அதைத்தான் செய்தோம், நீ பார்த்திருப்பாய். ஒரு வண்டியை நிறுத்துவோம். சக்கரத்தின் கடையாணிக்கு மேலே தலை போகிறவர்களுக்கு வாள். கீழே நிற்கிற குழந்தைகள் எங்களோடு வளரும். உன்னைப் போல எழுதத் தெரிந்தவர்களை மட்டும் தனியே எடுத்து வைப்போம். என் தாத்தாவுக்குத் தாத்தா காலத்து வழக்கம் அது. அதில் ஒரு கருணை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஒன்பதாவது குலமும் பணிந்த கோடையில் என்னை வெள்ளைக் கம்பளியில் உட்காரவைத்துத் தூக்கிக் கான் என்றார்கள். மோசமான வறட்சி அந்த வருஷம். வசந்தத்திலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. குதிரைகள் புல்லின் வேரைக் கடித்துக்கொண்டிருந்தன. இருந்தாலும் விருந்து நடந்தது. ஒன்பது குலத் தலைவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்போது புகாதை எழுந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. கையில் ஒரு தோள்பட்டை.

"எல்லாரும் கேளுங்கப்பா. உங்க கான் மொதமொதல்ல எதை ஜெயிச்சான் தெரியுமா? எங்கப்பன் கொப்பரையை! ஒரு தோள்பட்டையத் தூக்கிட்டு ஓடி, வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சு, அழுதுகிட்டே தின்னான்யா இவன். கையெல்லாம் கொப்புளம், மூக்கெல்லாம் சளி!" பிறகு அந்தக் கறியை என்னிடம் நீட்டினான். "இந்தா தொக்தா. இந்தத் தடவயாவது முன்னால உக்காந்து தின்னுடா."

எல்லாரும் சிரித்தார்கள். பல்லே இல்லாத ஒரு கிழட்டுத் தலைவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தேன். கறியைக் கீறி எல்லாருக்கும் ஆளுக்கொரு கீற்று கொடுத்தேன்.

அவன் பிரியமாகத்தான் சொன்னான். எனக்குத் தெரியாதா? ஆனால் யோசித்துப் பார். வானம் அனுப்பியவன் திருட்டுக்கறியைத் தூக்கிக்கொண்டு ஒளியமாட்டான். ஒரு நாள் சிரித்துவிட்டவர்கள் அடுத்த முறை மண்டி போடும்போது அதை நினைத்துக்கொள்வார்கள். இதில் என் சொந்த விஷயம் ஒன்றும் இல்லை. ராஜ்ஜியத்தின் விஷயம்.

காரணம் என்று ஒன்று வேண்டுமே. வறட்சியில் எல்லார் குதிரைகளும் எங்கெங்கோ மேய்ந்தன. எனக்கென்று ஒதுக்கிய புல்வெளியில் புகாதையின் குதிரைகளும் நின்றன. அது போதும். இருபதாம் நாள் மூவாயிரம் பேரோடு அவன் முகாமுக்குப் போனேன்.

நான் விருந்துக்கு வருகிறேன் என்று நினைத்து ஆடு அடித்துக் கொப்பரையை ஏற்றிவிட்டார்கள். புகாதை தானே ஓடிவந்து என் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தான். "சொல்லிட்டு வரக் கூடாதாடா, இன்னும் நாலு ஆடு சேத்து அடிச்சிருப்பேனே" என்றான். என் ஆட்கள் அவன் கையைப் பின்னால் கட்டும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான். நாற்பது வயதில் அப்படி ஒரு அறிவு.

நானூறு கூடாரங்களிலிருந்தும் ஜனங்களை வெளியே கொண்டுவந்தார்கள். யாரும் வில்லை எடுக்கவில்லை. அளப்பதற்கு வண்டி வந்தது. கொஞ்ச நேரத்தில் என் படைத்தலைவன் சாய்தக் என்னிடம் வந்தான்.

"கான், வண்டி சேத்துல எறங்கிடுச்சு. கடையாணி ஒரு ஆளு முழங்கால் உசரத்துக்குத்தான் நிக்குது. மாட்டப் பூட்டி மேட்டுக்கு இழுத்துரட்டுமா?"

"கெடக்கட்டும்."

"அப்படீன்னா கொழந்தைங்கள்லாம்…"

"வானம் எறக்கினத நான் எதுக்குடா தூக்கணும்?"

அவன் போய்விட்டான். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த வருஷம் அவனையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

புகாதைக்கு நிலைமை அப்போதுதான் புரிந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகப் பேசினான். அதுவரை தொக்தா என்றே கூப்பிட்டவன் அன்றைக்கு அண்ணே என்றான்.

"அண்ணே, என்னை என்ன வேணா பண்ணிக்க. அந்த வண்டிய மட்டும் மேட்டுக்கு இழுக்கச் சொல்லு. என் சின்னதுக்கு அஞ்சு வயசுதான். நல்ல தரையில நிறுத்தினா கடையாணிக்குக் கீழ வந்துரும். இன்னும் எவ்வளவோ புள்ளைங்க வந்துரும்ணே. வழக்கப்படி அளக்கச் சொல்லு, அது போதும்."

"வண்டிய அங்க நான் நிறுத்தல" என்றேன்.

அப்புறம் சொன்னான்: "நீ இன்னும் எங்கப்பன் வண்டிக்குப் பின்னாலயேதான் ஒக்காந்திருக்கடா."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாகப்போகிறவன் எதையோ உளறியிருக்கிறான். தலைவன் வீட்டு ரத்தம் மண்ணில் விழக் கூடாது என்பதால் அவனைக் கம்பளியில் சுருட்டி முதுகை முறித்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவனுடைய சின்னது வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், கால் சேற்றில் புதைய, கடையாணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதுவும் சிரித்தது. அப்பன் புத்தி.

கடையாணிக்குக் கீழே வந்தவை தவழ்கிற குழந்தைகள் மட்டும். பதினேழு. அவற்றுக்குப் பால் கொடுக்க அங்கே யாரும் மிச்சம் இல்லை, அதனால் அவையும் நாலைந்து நாளைக்கு மேல் தாங்கவில்லை. வழக்கத்தை நான் மீறவில்லை என்பதை மட்டும் தெளிவாக எழுது.

என்ன, கை நின்றுவிட்டது? கேள், பயப்படாதே.

ஓ. அந்த வருஷம் வறட்சி என்றீர்களே, சேறு எங்கிருந்து வந்தது என்கிறாய். காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாய், சபாஷ். ஆமாம், முகாம் முழுக்கக் கட்டாந்தரைதான். ஆடுகள் தண்ணீர் குடிக்கிற ஊற்று ஒன்று இருந்தது. அதைச் சுற்றி மட்டும் எப்போதும் சேறு. ஆறு வருஷம் அங்கே ஆடு மேய்த்தவன் நான், எனக்குத் தெரியாதா. வண்டியை எங்கே நிறுத்துவது என்று சாய்தக் கேட்டபோது என் கையில் சவுக்கு இருந்தது. அது ஊற்றுப் பக்கம் நீண்டது. அவ்வளவுதான்.

வேண்டாம், அதை அடித்துவிடு. மழை பெய்தது என்று எழுதிக்கொள்.

எல்லாம் முடிந்தபின் அவர்கள் ஏற்றிவைத்த கொப்பரையில் கறி வெந்து தயாராக இருந்தது. தோள்பட்டையை நானே எடுத்தேன். வண்டிக்குப் பின்னால் போகவில்லை. மூவாயிரம் பேர் பார்க்க, நட்டநடு வெளியில் உட்கார்ந்து, தனியாகத் தின்றேன். இடி விழவில்லை, பூமி பிளக்கவில்லை. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை, அவ்வளவுதான். உப்பு அதிகம்.

அதோ, இன்றைய கறி வந்துவிட்டது. நாணலைக் கீழே வை. இப்படிக் கிட்டே வந்து உட்கார். தோள்பட்டைதான். ஒரு கீற்று எடுத்துக்கொள். ஒன்று போதும். உனக்கு முன்னால் எழுத வந்த மூன்று பேரும் இதே இடத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கீற்று எடுத்துக்கொண்டார்கள். வெளியே போய் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கூடாரத்தைவிட்டு அவர்கள் வெளியே போகவே இல்லை. எடு. தனியாகத் தின்னக் கூடாது என்ற அந்தப் பேத்தல் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நீ முதலில் வாயில் போடு. அப்புறம் நான் தின்கிறேன்.