எல்லாம் நல்ல சத்தந்தான்

அய்யய்யோ, பயந்துட்டீங்களா! ஒண்ணுமில்லம்மா, வெடிக்காது. எஞ்சின அணைச்சப்புறமும் உள்ள ஃபேன் ஓடும், அந்த உர்ர்ருதான் இது. இப்பத்தான் எங்க வீட்டுக்காரரு நிறுத்திட்டு மேல போனாரு. பால் வாங்கப் போயிருந்தாரு... ஆமா, இந்த செவப்பு ராக்கெட்டுலதான் எங்க வீட்டுக்குப் பால் வருது! நீங்க மூணாவது மாடிக்குப் புதுசா வந்தவங்கதானே? பையக் கீழ வெய்ங்க, கை வலிக்கும்.

முட்டி தேஞ்ச ரெண்டு பேரு இருக்கற வீட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதுக்கு, நீங்களே சொல்லுங்க? இதுல ஏற முடியாதும்மா, விழணும். எறங்கறதுக்கு அவரு வந்து கையப் புடிச்சு இழுக்கணும். ஷோரூம்ல இது உறுமினதக் கேட்டு மயங்கிப்போய் வாங்கிட்டாரு. மறுநாள்லேருந்து, ஐயோ சத்தம் வருதே, சத்தம் வருதே! உறுமறத வாங்கிட்டு, இருமுதேன்னு அழுதா எப்படி?

கதவத் தொறந்தா 'ஙீய்ங்'குது. நிறுத்தினா 'டிக்கு டிக்கு'ங்குது. ஆக்ஸிலேட்டர்லேருந்து கால எடுத்தா பின்னாடி 'பட்டு பட்டு'ங்குது. காலைல மொத பிரேக்கு புடிச்சா... எங்க மாமியா தும்மற மாதிரியே இருக்கும், அவங்கட்ட சொல்லிராதீங்க. ஒவ்வொண்ணுக்கும் சர்வீஸுக்கு ஓடுவாரு. அந்த மேனேஜரு பாவம், இது பம்பு, இது சூடு ஆறுதுன்னு ஒவ்வொண்ணா வெளக்கிட்டு, "எல்லாம் நல்ல சத்தந்தான் சார்"னு அனுப்பி வெப்பாரு.

இதுல கூத்து என்னன்னா, இவரு தொழிலே காதுதான்! காதுமெஷின் கடை வெச்சிருக்காரு. ஊர்ல இருக்கற காதையெல்லாம் கேக்க வெச்சவரு, நான் அடுப்படிலேருந்து தொண்ட கிழியக் கூப்புட்டா ஒரு 'ம்'. இடுப்பு வலிக்குதுங்கன்னா, அதுக்கும் 'ம்'. வண்டி 'டிக்'குன்னா மட்டும் சாப்புட்ட கையோட எந்திரிச்சு ஓடுவாரு!

நேரமாச்சா? இருங்க இருங்க, உங்ககிட்டதான் ஒரு வேலை இருக்கு.

அந்தச் சத்தம் தேடறதுக்கு என்னையும் கூட்டிட்டுப் போவாரும்மா. அவரு ஓட்டணும், நான் டேஷ்போர்டுல காத வெச்சுக்கணும். ஏசி கூடாது, பாட்டு கூடாது. நடுவுல வண்டிய ஓரங்கட்டிட்டு, "கேட்டுச்சா? எங்கேருந்து வருது? நீ சொல்லு"ம்பாரு. நான் சொல்றவரைக்கும் என் வாயவே பாத்துட்டு இருப்பாரு. இதுக்கு முன்னாடி எப்பப் பாத்தாருன்னு எனக்கே ஞாபகமில்ல. வர்ற வழியில ஜூஸ் வேற!

அந்தப் பாழாப்போன மேனேஜரு எல்லாத்தையும் நல்ல சத்தமாக்கிட்டாரா... முடிஞ்சுது. இவரு பாட்டுக்குத் தனியாப் போறாரு, தனியா வராரு. மறுபடியும் 'ம்'.

அதனால... யார்ட்டயும் சொல்லாதீங்க. நான் வீட்ல துணி தைக்கறவ. மெஷின்லேருந்து நூல் சுத்தின பாபின் ஒண்ணக் கழட்டி, இந்த சீட்டுக்கடில உருட்டி விட்டுட்டேன். வண்டி திரும்பறப்பல்லாம் 'கிர்ர்ர்... டக்'! மனுஷன் ஆடிப்போயிட்டாரு. "ஏரி ரோட்டு வளைவுல போனா நல்லாத் தெரியும்ங்க"ன்னேன். அவ்வளவுதான், தெனம் ஏரி ரோடு! நானும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, காதக் குடுத்துக்கிட்டு...

ஆனா பாருங்க, போன வாரத்துலேருந்து கூடவே 'சலசல'ன்னு ஒண்ணு வருது. சத்தியமா அது நான் இல்ல! நெசமாவே கெட்டுப்போச்சு போலன்னு பயந்து, சர்வீஸுக்கு விடுங்கன்னா, சும்மா சும்மா ஓடுன மனுஷன் இப்ப "பாக்கலாம், பாக்கலாம்"ங்கறாரு! இவர நம்பிப் பிரயோஜனமில்லன்னு நானே மேனேஜருக்கு போன் அடிச்சிட்டேன். புத்திகெட்டவ! "ஆள் அனுப்பறேம்மா, சீட்டையே கழட்டிப் பாத்துடலாம்"னுட்டாரு. இப்ப வந்துருவாங்க. கழட்டினா என் பாபின்தானே உருளும்? மானம் போயிரும். மானம் போனாக்கூடப் பரவால்லம்மா, ஏரி ரோடு போயிருமே!

இன்னொரு சாவி எங்கிட்ட இருக்கு. என்னால குனிய முடியாது. உங்க கை ஒல்லியா இருக்கு, தங்கமா இருப்பீங்க... அப்படித்தான்... இன்னும் உள்ள... கெடச்சுதா? ஆங், பச்ச நூலு, என்னோடதேதான்! போதும், எந்திரிங்க.

என்ன, இன்னொண்ணா? நான் ஒண்ணுதானே போட்டேன். காட்டுங்க.

குட்டி டப்பா... இது காதுமெஷினுக்குப் போடற பேட்டரி டப்பா. இவரு கடைல அடுக்கி வெச்சிருப்பாரு. இது எப்படி இங்க... ஆட்டுங்க. 'சலசல'! அடடா, நெறைய இருந்தா ஆடாதுன்னு பாதியக் கொட்டிட்டு, மூடிக்கு டேப்பு வேற ஒட்டியிருக்காரு!

அடப்பாவி மனுஷா! இதுக்குத்தானா அந்தப் "பாக்கலாம், பாக்கலாம்"?

ஐயோ, பையில போடாதீங்கம்மா! திரும்ப வெச்சிடுங்க. ரெண்டையும். நல்லா உள்ள தள்ளி வெய்ங்க. சர்வீஸ் ஆள் வந்தா, வண்டி வெளில போயிருக்குன்னு சொல்லிடுங்க.

லிஃப்டு வருது... அவருதான், பால வெச்சிட்டு ஏரி ரோட்டுக்குக் கெளம்பி வராரு. நகருங்க, நகருங்க, நான் உள்ள விழறேன்.

ஏங்க! சீக்கிரம் வாங்க, இன்னைக்கு சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குங்க!