ஆணியும் கம்பியும் இல்லாமல் மாட்டிய கார்டு

— இன்னா ஜெயக்கொடி சொல்ற? கல்வெட்டு மேல போட்ட பட்டுத்துணியை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்குது. சென்னை கம்பெனிக்காரங்க திண்டிவனம் தாண்டிட்டாங்களாம்.

— ராஜகிரிக்கு நெட்வொர்க் கார்டு இல்லன்னு சொல்றேன் சார்.

— எப்படி இல்லாம போவும்? இந்தக் காலேஜ் தாளாளர் அரங்கநாதன், என் கையால மாட்டினது. செஞ்சியே கை தட்டுச்சு.

— மாட்டினீங்க சார். இப்ப இல்ல.

— லேப் பொறுப்பு உன்னாண்டதானே இருக்குது, எவனாவது கழட்டிக்கினு போயிட்டானா? வாட்ச்மேனைக் கூப்பிடு.

— கழட்ட அங்க பொருளே கிடையாது சார். லேப்ல இருக்குற ஒரே பெரிய மெஷினுக்குள்ள நாம உண்டாக்கின மூணு கம்ப்யூட்டர்ல ஒண்ணுதான் ராஜகிரி. மூணுக்கும் கோட்டை மலைங்க பேரை நீங்கதான் வெச்சீங்க. கம்ப்யூட்டரே நிஜம் இல்லாதப்ப கார்டு மட்டும் எப்படி நிஜமா இருக்கும்? ஒரு வரி டைப் பண்ணினா மாட்டிக்கும்.

— எனக்கே பாடம் எடுக்காத. மண்டகப்பட்டு குகையில பல்லவ ராஜா இன்னா வெட்டி வெச்சிருக்கான்? செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுதை இல்லாம கோயில் எடுத்தேன்னு. அதைப் பாத்துட்டுத்தானே நானும் வெட்டச் சொன்னேன்? "ஆணி இல்லாமல், கம்பி இல்லாமல், திருப்புளி இல்லாமல், ஒரே வரியில் அட்டை மாட்டிய கல்விக் கொடை வள்ளல்." சரித்திரம்மா இது, சரித்திரம். அந்த வரியையும் கீழ வெட்டியிருக்குது.

— அந்த வரியிலதான் சார் கோளாறு. கடைசி வார்த்தை இல்ல.

— எந்த வார்த்தை?

— கான்ஃபிக். அது இருந்தாத்தான் ராஜகிரியை அணைச்சு மறுபடி போட்டாலும் கார்டு நிக்கும். இல்லன்னா ஓடிக்கினு இருக்குற வரைக்கும்தான். நீங்க அடிக்கும்போதே காதாண்ட வந்து சொன்னேன். போட்டோக்காரர் அவசரப்படுறார், லைவ்னு ஒரு வார்த்தை இருக்குதே, அது போதும்னு எண்டரைத் தட்டிட்டீங்க. அப்புறம் நான் சேத்துடட்டுமான்னு கேட்டப்பவும், நான் மாட்டினதுல எவளும் கை வெக்கக் கூடாதுன்னுட்டீங்க.

— நல்லாத்தானே ஓடுச்சு?

— ஆயுத பூஜை வரைக்கும் ஓடுச்சு சார். மெஷினுக்கும் ஓய்வு வேணும், எல்லாத்தையும் அணைச்சுப் படைங்கன்னு சொன்னீங்க. சுவிட்ச் போர்டுக்குக்கூட சந்தனம் வெச்சீங்க. இன்னிக்கு விஜயதசமின்னு காலையில போட்டேன். மத்த ரெண்டும் ஒழுங்கா எழுந்துச்சு. ராஜகிரி மட்டும் கார்டு இல்லாம எழுந்துச்சு.

— கண்ணு பட்டுடுச்சு. சீயமங்கலத்துச் சம்பந்தி அன்னிக்கே ஒரு மாதிரி பாத்தாரு. பூசணிக்காய் ஒண்ணு உடைக்கச் சொல்லு.

— நேத்தே உடைச்சாச்சு சார்.

— இப்ப இன்னா பண்றது? வர்றவங்க நம்ம பசங்களுக்கு வேலை குடுக்கலாமா வேணாமான்னு பாக்க வர்றாங்க. அவங்க முன்னாடி ராஜகிரி நெட் இல்லாம முழிச்சுக்கினு நின்னா என் மானம் போயிடும்.

— ராஜகிரி முழிக்காது சார். முழு வரியும் அடிச்சு நான் மாட்டிட்டேன். அணைச்சுப் போட்டும் பாத்துட்டேன். நிக்குது.

— அதை முதல்லயே சொல்றதுக்கு இன்னா? சரி, நான் மாட்டினதாவே இருக்கட்டும். நீயும் நானும் வேறயா?

— கல்லு இருக்குதே சார். வர்றவங்களுக்கு இதுதான் தினம் வேலை. வரியைப் படிச்சதுமே கடைசி வார்த்தை எங்கன்னு கேப்பாங்க. காலேஜ் நடத்துறவருக்கே தெரியாததைப் பசங்க இன்னா கத்துக்கிட்டிருக்கும்னு நெனைப்பாங்க.

— அப்ப அந்த வார்த்தையைச் சேத்து வெட்டச் சொல்லு.

— இடம் இல்ல சார். கல்லுக்கு நான் முழு வரியைத்தான் எழுதிக் குடுத்தேன். கல்லு வெட்டுற தனகோட்டி அண்ணன் அப்பவே கேட்டார், இந்த வார்த்தை வேணுமா, உங்க பட்டம் வேணுமா, ஒண்ணுதான் கொள்ளும்னு. வார்த்தையை எடுத்துடுன்னு நீங்கதான் சொன்னீங்க.

— அன்னிக்கு எனக்கு ஆயிரம் டென்ஷன். பட்டத்தைச் சுரண்டிட்டா?

— கருங்கல்லு சார்.

— சரி, ஒண்ணு பண்ணு. ஆளுங்களை விட்டுக் கல்லைத் திருப்பி நிறுத்து. பின்பக்கம் வழவழன்னு இருக்கும், ஒரு மாலையைப் போட்டுடலாம். கல்லையே திறந்து வெச்சேன்னு பேசிச் சமாளிச்சுக்கிறேன். அதெல்லாம் எனக்குக் கைவந்த கலை.

— காலையிலயே திருப்பியாச்சு சார்.

— பலே. இதுக்குத்தான் உன்னை வேலைக்கு வெச்சிருக்கேன்.

— ஆனா பின்பக்கம் வழவழன்னு இல்ல. எழுத்துப் பிழை பாக்கச் சொல்லி என்னைத் தனகோட்டி அண்ணன் பட்டறைக்கு அனுப்பினீங்களே, அன்னிக்கே அந்தப் பக்கத்துல முழு வரியையும் வெட்ட வெச்சுட்டேன். கீழ, "இவ்வரியை எழுதியவர் சிங்கவரம் தைலம்மாள் மகள் ஜெயக்கொடி." வாங்க சார், வண்டி வந்துடுச்சு. நீங்கதான் துணியை எடுக்கணும்.