பல்பு இல்லாத விளக்கு

மாலை ஆறு நாற்பது. பாதியில் கைவிட்ட அடுக்குமாடிகளுக்கு நடுவே போகிற சாலை. கதவு வைக்காத ஜன்னல்கள் இரண்டு பக்கமும். முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... அந்தக் கதவைச் சாத்தாதீர்கள். இந்தக் கதைக்குக் காற்று வேண்டும்.

என் சிநேகிதனுடைய தங்கை வீட்டுக்காரனுக்கு நடந்தது இது. கார் பட்டறை வைத்திருக்கிறான். வண்டிக்கு அடியில் படுக்கும்போது வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொள்வான். அதனால் டார்ச் என்றால்தான் ஊருக்கு அவனைத் தெரியும். பழைய காரை வாங்கி, பவுடர் பூசி விற்பதில் கில்லாடி. கிலோமீட்டர் எண்ணைப் பின்னால் ஓட்டுவது அவனுக்குக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி.

அன்று அவன் ஓட்டிக்கொண்டு போனது ஒரு வெள்ளைக் கார். இரண்டு வருடத்துக்கு முன் அவனே விற்றது. வாங்கியவர் ஒரு மெடிக்கல் ரெப். பேரமே பேசவில்லை அந்த மனிதர். நீங்கள் சொன்னால் சரிதான் அண்ணே என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். பேரம் பேசி மல்லுக்கட்டுகிறவன் தலையில் மிளகாய் அரைத்தால் அதற்கு வியாபாரம் என்று ஒரு பெயராவது இருக்கிறது. இதற்கு என்ன பெயர்? டார்ச்சுக்கும் தெரியாது.

விற்பதற்கு முன் டார்ச் செய்தது இதுதான். காரின் புகைக் குழாயில், வயிற்றுக்கு அடியில், ஒரு டப்பா இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கட்டி. விஷப் புகையைச் சுத்தம் செய்வது அதுதான். அந்தக் கட்டிக்கு வெளியே நல்ல கிராக்கி. டார்ச் டப்பாவை அறுத்து, கடப்பாரையால் இடித்து, கட்டியை உதிர்த்து எடுத்துவிட்டு, வெற்று டப்பாவைத் திரும்பப் பற்றவைத்தான். அவசரப் பற்றவைப்பு. கட்டி இல்லையென்றால் செக் இன்ஜின் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்குமே? டாஷ்போர்டைத் திறந்து அந்த பல்பையே பிடுங்கிப் போட்டான். நோயாளியின் வாயைப் பொத்தினால் இருமல் நின்ற மாதிரிதானே.

ஆறு மாதத்துக்கு முன், வெளியூர் போன ரெப், பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினார். விடிந்தபோது பெட்ரோல் தீர்ந்திருந்தது. அவரும்தான். பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினார் என்றார் காவலாளி. மூன்றே கால் வாக்கில் உயிர் போயிருக்கும், மாரடைப்பு என்று எழுதினார் டாக்டர். முப்பத்து நாலு வயது.

சேதி கேட்ட அன்றே டார்ச்சுக்குப் புரிந்துவிட்டது. பற்றவைத்த இடத்தில் ஓட்டை. அந்தப் புகைக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவனைத் தட்டி எழுப்பாது.

சாவுக்குப் போனான். மாலை போட்டான். வாயைத் திறக்கவில்லை.

அதோடு போயிருந்தால் காலம் அதை மூடியிருக்கும். ரெப்புக்கு ஏழு வயதில் ஒரு மகன். அப்பாவுக்கு இதயக் கோளாறு என்றால் பிள்ளைக்கும் இருக்குமே என்று தாய்க்காரி பயந்துபோனாள். பையன் மாடிப்படி ஏறக் கூடாது, பந்தைத் தொடக் கூடாது. ஒரு ஆஸ்பத்திரி பாக்கியில்லை. கடைசியில், நாளைக் காலை பெரிய ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி குத்தி இதயம்வரை குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். ஆறு மணி நேரப் பயணம், அதே காரில். தம்பி ஓட்டுவான், கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் அண்ணே என்று அவள் டார்ச்சிடமே கொண்டுவந்து விட்டாள்.

அவனும் மனுஷன்தானே. கைக்காசைப் போட்டு, புதுக் கன்வெர்ட்டர் வைத்தான். குழாய் மாற்றினான். சோப்பு நுரை பூசி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான். ஒரு குமிழி கிளம்பவில்லை. பல்பை மட்டும் திரும்ப வைக்கவில்லை. அதை வைத்தால், இரண்டு வருடமாக இல்லாத விளக்கு இப்போது எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள்.

வண்டியை அவளிடம் விடப் போகிற வழியில், ஆறு நாற்பதுக்கு... அந்த விளக்கு எரிந்தது.

மஞ்சள் வெளிச்சம். சின்ன இன்ஜின் படம். டிக் என்றுகூடச் சத்தமில்லை.

ஓரங்கட்டினான். ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பித் திறந்தான். பல்பு இருக்க வேண்டிய குழி காலி. விரலை விட்டுப் பார்த்தான். தூசு, ஒரு சிலந்தி வலை. அந்தக் காலிக் குழிக்குள்ளிருந்துதான் வெளிச்சம் வருகிறது... விரல் நகத்தின் மேல் மஞ்சளாக விழுகிறது.

தொழில்காரன் பயந்தாலும் கை தொழிலைத்தான் செய்யும். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனரை எடுத்துச் செருகினான். கோளாறு எண் வந்தது: நானூற்றி இருபது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஏமாற்றுக்காரனுக்கு நாம் கொடுக்கிற பட்டமும் அந்த எண்தான். வேறு நாளாயிருந்தால் அவனே சிரித்திருப்பான்.

கோளாறு நேர்ந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று போட்டோ பிடித்த மாதிரி ஸ்கேனரில் ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்தான். அறுபதில் வந்துகொண்டிருந்த வண்டி. திரையில், வேகம் பூஜ்ஜியம். இன்ஜின் ஓடிய நேரம், இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம். பட்டறையிலிருந்து கிளம்பியே இருபது நிமிடம்தான் ஆகிறது.

அந்த எண்ணை அழித்தான். விளக்கு அணைந்து, திரும்ப எரிந்தது. வேகம் பூஜ்ஜியம். இரண்டு மணி நாற்பத்தொன்று.

போட்டோ ஓடக் கூடாது. இது ஓடுகிறது.

பூஜ்ஜியம் வேகத்தில், ஏசியில், கண்ணாடி ஏற்றிய வண்டி ஒன்று எங்கேயோ இன்னும் நிற்கிறது... உள்ளே ஒருவர் தூங்குகிறார். பன்னிரண்டு மணிக்கு நிறுத்தியதிலிருந்து எண்ணினால், மூன்றே காலுக்கு இன்னும் முப்பத்து நாலு நிமிடம். இது எப்படி டார்ச் மனதில் வந்தது என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது. சொல்லிவிட்டால் அவர் எழுந்துவிடுவார் என்றும் தோன்றிவிட்டது.

நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு மிதித்தான். வழி நெடுக சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். நான்தான் தங்கச்சி. நான்தான். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் தூங்குகிறவர் விடுகிற மூச்சு... இழுத்து, நிறுத்தி, விடுகிற மூச்சு, காற்றுச் சத்தத்துக்குள்ளும் கேட்டது.

அவள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது திரையில் மூன்று மணி நாலு நிமிடம்.

அவள் கேட்டைத் திறந்தாள். கையில் பையனுடைய ஆஸ்பத்திரி ஃபைல், செங்கல் கனத்துக்கு.

"வண்டி ரெடியாண்ணே?"

"தங்கச்சி, பையனுக்கு ஒண்ணுமில்ல. குழாயெல்லாம் வுட வேணாம். அவருக்கு நெஞ்சுல எதுவுமே இல்ல. வண்டில புகைக் குழாய் ஓட்டை. அந்தப் புகைதான் உள்ள வந்திருக்கு. டாக்டர்கிட்ட இதச் சொல்லு."

அவள் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு சன்னமாகக் கேட்டாள்.

"நீங்க பாத்துக் குடுத்த வண்டிதானேண்ணே. ஓட்டை எப்படி வந்துச்சு?"

இதுதான் இடம். ஒரே ஒரு சொல் போதும். டார்ச்சின் நாக்கு நுனியில் அது வந்து உட்கார்ந்தது. ஆனால் எத்தனை வருடத்து நாக்கு அது... பழக்கம் முந்திக்கொண்டது. உண்மையைக்கூட அவனால் முழுசாகக் கொடுக்க முடியவில்லை. ஒரு துண்டை உள்ளேயே நிறுத்திக்கொண்டான்.

"எனக்கு முன்னாடி எவனோ கை வெச்சிருக்கான்மா. எவன்னு தெரியல."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "என் புள்ளையக் குடுத்துட்டீங்கண்ணே" என்றாள். அந்தக் கும்பிடு அவன் மேல் கொதிக்கிற எண்ணெய் மாதிரி விழுந்தது.

ஸ்கேனரைக் கழற்ற வண்டிக்குத் திரும்பினான். டாஷ்போர்டில் விளக்கு இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. திரையில் நேரம் மூன்று மணி ஒன்பது நிமிடத்தோடு நின்றிருந்தது. ஆறு நிமிடம் மிச்சம். அப்பாடா... பாதி சொன்னதே போதும் போலிருக்கிறது என்று இருக்கையில் சாய்ந்தான்.

அப்போதுதான் கீழே இன்னொரு வரியைக் கவனித்தான். இன்ஜின் வெப்பம். இவ்வளவு விரட்டி வந்த இன்ஜினுக்குத் தொண்ணூறு இருக்க வேண்டும். முப்பத்தேழு என்று காட்டியது. உயிருள்ள உடம்பின் சூடு.

இறங்கிப் போய் பானெட்டைத் தொட்டான். கை பொரிந்தது.

திரும்பி வந்து பார்த்தான். முப்பத்தாறு.

பார்த்துக்கொண்டே நின்றான். முப்பத்தைந்து.