மலாவிக்காரன் கொடுத்த பனியன்

"பாலைவனத்துல உக்காந்து செடியப் பத்தி என்னத்தம்மா படிக்கப் போற?" என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தாவரவியலில் பட்டமும் வாங்கியிருந்தேன்.

துபாயில், கராமாவிலிருந்து விமான நிலையம் போகும் பேருந்தில் என் முன்னால் இரண்டு தமிழர்கள். இளையவர் லீவில் ஊருக்குப் போகிறார், மூத்தவர் வழியனுப்ப வந்திருக்கிறார்.

"முருகா, பனியன்ல என்னடா இலை?"

"மரவள்ளிண்ணே. நம்ம ரூம் மலாவிக்காரன் ஆசையா குடுத்தான். ஆப்பிரிக்காவுல அவங்க ஊர்ச் செடியாம். முப்பாட்டன் காலத்துலேருந்து எடுத்து வச்ச விதையாம்."

"மரவள்ளிய நாம குச்சி ஒடிச்சுல்ல நடுவோம்? விதை எதுக்கு?"

"அட, ஆமா! அறுத்து மக்காச்சோளத் தோகையில சுத்தி வைப்போம்னான்."

மூத்தவர் குனிந்து பார்த்தார். "மரவள்ளி இலைக்கு ஓரத்துல ரம்பப் பல்லு ஏதுடா? கஞ்சாடா இது!"

"ஐயோ! படம்தானேண்ணே?"

"ஏர்போர்ட் போலீஸ்கிட்ட சொல்லிப் பாரு. லீவு கலாஸ். பிடிச்சா வேலையும் கலாஸ். கழட்டு."

"பஸ்ல பொம்பளைங்க இருக்காங்கண்ணே."

மூத்தவர் தன் டூட்டி ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்கு மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டார். "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எறக்காத."

"வேர்க்குதுண்ணே."

"வேர்க்கட்டும். பொண்டாட்டி முகத்தப் பாப்பல்ல?"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

முப்பாட்டன் காலத்து விதை என்று முருகன் சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. அப்படி விதை கைமாறி வந்த ஊர்ச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய, அன்றைக்கே விண்ணப்பித்துவிட்டேன்.